இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பயணம்: பிள்ளைகள் கேட்கிறார்கள், நாம் என்ன சொல்வது?



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கடை திறக்கும் நம் உறுப்பினர்கள் சில ஆண்டுகளாக ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். பால் வண்டி வருவதற்கு முன்பே செங்கம் ரோட்டிலும் செஞ்சி ரோட்டிலும் தலைக்கவசமும் பளபளக்கும் மேலங்கியும் அணிந்த இளைஞர்கள் மெல்லிய டயர் போட்ட சைக்கிள்களில் சத்தமில்லாமல் போகிறார்கள். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டும் இல்லை. "இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியில் ஒரு மூட்டை வைக்க இடமில்லையே" என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். நமக்குச் சைக்கிள் என்றால் சரக்கு ஏற்றும் வாகனம். வேட்டவலம், அவலூர்பேட்டை பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் ஹெர்குலிஸ் சைக்கிளில் இரட்டைக் கம்பி கேரியர் போட்டு, பின்னால் சர்க்கரை மூட்டை, குறுக்குக் கம்பியில் எண்ணெய் டின், ஹேண்டில்பாரில் பை பையாக மளிகை கட்டிக்கொண்டு போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

ஆனால் இப்போது அந்தக் கேள்வி வீட்டுக்குள் வந்துவிட்டது. நம் சங்க உறுப்பினர் ஒருவரின் மகன், படித்துவிட்டு அப்பாவின் மளிகைக் கடையிலேயே இருப்பவர், "இருநூறு கிலோமீட்டர் ஓட்டப் போகிறேன், புது சைக்கிள் வேண்டும்" என்று நின்றார். தகப்பனார் என்னிடம் வந்து, "நீங்களே புத்தி சொல்லுங்கண்ணே, கல்யாண வயசுல பையன் ரோட்டுல விழுந்து கிடக்கணுமா?" என்று வருத்தப்பட்டார். புத்தி சொல்வதற்கு முன் விஷயம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? விசாரித்தேன். விசாரித்ததில் தெரிந்தவற்றை, வேறு வீடுகளிலும் இந்தப் பேச்சு எழுந்தால் உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். பிள்ளைகள் சொல்லும் இந்த இருநூறு கிலோமீட்டர், பந்தயம் அல்ல. 'பிரெவே' என்று பெயர். பிரெஞ்சுச் சொல், சான்றிதழ் என்று பொருள் கொள்ளலாம். பாரிஸ் நகரத்தில் 1904-ல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சங்கம் உலகம் முழுவதற்கும் ஒரே விதியை வைத்திருக்கிறது. 200 கிலோமீட்டரை பதிமூன்றரை மணி நேரத்துக்குள், 300-ஐ 20 மணிக்குள், 400-ஐ 27 மணிக்குள், 600-ஐ 40 மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவருக்கு 'சூப்பர் ராண்டனர்' என்று பட்டம். முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்ற வித்தியாசம் கிடையாது. பரிசுத் தொகையும் கிடையாது. பதிமூன்று மணி இருபத்தொன்பது நிமிடத்தில் வந்தவரும் எட்டு மணி நேரத்தில் வந்தவரும் சான்றிதழில் சமம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா அமைப்பின் கீழ் இவை நடக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் இதற்கான குழுக்கள் உண்டு.

நம் கணக்கில் சொல்கிறேன். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை 14 முறை சுற்றினால் 196. அல்லது இங்கிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய இந்தத் தூரம் வந்துவிடும். பதிமூன்றரை மணி நேரத்தில் 200 என்றால் மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் குறைவு. 'பூ, இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் கடிகாரம் நிற்பதில்லை. சாப்பாடு, தண்ணீர், பஞ்சர், இளைப்பாறல் என்று இரண்டு மணி நேரம் போனால் மீதிப் பதினொன்றரை மணிக்கு 17 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாக வேண்டும். நிற்கும் நேரம்தான் லாபத்தைத் தின்கிறது. கோடவுனில் தேங்கும் சரக்கு மாதிரி.

நமக்கு ருசிக்கும் விஷயம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட இடத்தைக் கடந்தேன் என்பதற்குப் பயணி அத்தாட்சி காட்ட வேண்டும். சில இடங்களில் அமைப்பாளர்களே உட்கார்ந்து அட்டையில் முத்திரை போடுவார்கள். ஆள் இல்லாத இடங்களில் அந்த ஊர்க் கடையில் ஏதாவது வாங்கி, தேதியும் நேரமும் அச்சான ரசீதைக் கொண்டுவரலாம், இல்லையென்றால் ஏ.டி.எம். சீட்டு. அதாவது, நாம் கொடுக்கும் ஐந்து ரூபாய் கடலை மிட்டாய் ரசீது ஒருவருடைய நாள் முழுதும் பட்ட உழைப்புக்குச் சாட்சி! நெடுஞ்சாலையோரக் கடைக்காரர்கள் பில் மெஷினில் கடிகாரத்தைச் சரியாக வைத்துக்கொள்ள இது ஒரு காரணம். துண்டுச் சீட்டில் பென்சிலால் கூட்டல் போட்டுக் கொடுத்தால் பாவம், அந்தப் பிள்ளைக்கு உதவாது.

சைக்கிள் பந்தயத்தின் கதையே வியாபாரக் கதைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1888-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் ஜான் பாய்டு டன்லப், தன் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். வேறொருவர் 1840-களிலேயே இதற்குக் காப்புரிமை எடுத்திருந்தார் என்பது பிறகு தெரிந்து டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை. கொழுத்த அந்த டயரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். 1889-ல் வில்லி ஹியூம் என்பவர் அதே டயர் போட்டுப் பந்தயத்தில் இறங்கி ஜெயித்தார். சிரிப்பு நின்றது, ஆர்டர் வந்தது.

ஆனால் டன்லப் டயரில் ஒரு கஷ்டம். ரிம்மோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். பஞ்சரானால் பிரித்து, ஒட்டி, பசை காயக் காத்திருக்க வேண்டும். அப்படிப் பஞ்சரான சைக்கிள் ஒன்று பிரான்ஸில் கிளேர்மோன்-ஃபெரான் ஊரில் ரப்பர் பட்டறை வைத்திருந்த மிஷலின் சகோதரர்களிடம் வந்தது. ஒட்டவே மணிக்கணக்கில் ஆனது. காய ஓர் இரவு. கழற்றி மாட்டும் டயர் செய்தால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. 1891-ல் லெ பெத்தி ஜூர்னால் என்ற பாரிஸ் பத்திரிகை, பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தை அறிவித்தது. இருநூறு பேருக்கு மேல் புறப்பட்டார்கள். மிஷலின் டயர் போட்ட ஷார்ல் தெரோன், தூங்காமல் ஓட்டி, 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாகத் திரும்பினார். டன்லப் டயரில் வந்த லாவால் பல மணி நேரம் கழித்து இரண்டாவதாக வந்தார். வழியில் விடுதியில் அவர் தூங்கியபோதுதான் தெரோன் தாண்டிப் போனாராம். பத்திரிகை விற்றது, டயரும் விற்றது.

இதைப் பார்த்து இன்னொரு பத்திரிகை, லோட்டோ என்பது, போட்டிப் பத்திரிகையை வீழ்த்துவதற்காக 1903-ல் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தைத் தொடங்கியது. மொத்தம் 2,428 கிலோமீட்டர், ஆறு கட்டங்கள். அறுபது பேர் புறப்பட்டு இருபத்தொரு பேர் முடித்தார்கள். ஜெயித்த மோரிஸ் காரன் சிறு வயதில் புகைபோக்கி சுத்தம் செய்தவர். லோட்டோ மஞ்சள் தாளில் அச்சாகும். அதனால்தான் முன்னணியில் இருப்பவருக்கு இன்றைக்கும் மஞ்சள் பனியன். 1919-ல் முதலில் அதை அணிந்தவர் யூஜின் கிறிஸ்தோஃப்.

அந்தக் கிறிஸ்தோஃப் பட்ட பாடு தனி. 1913 பந்தயத்தில் பிரனீஸ் மலையில் தூர்மாலே கணவாயிலிருந்து இறங்கும்போது அவர் சைக்கிளின் முன் போர்க் முறிந்தது. மாற்று வண்டி வாங்கக் கூடாது, பிறர் உதவி கூடாது என்பது சட்டம். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு அடிவாரத்துக் கிராமத்துக்கு ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடந்தார். நம் கிரிவலத் தூரம், தோளில் சைக்கிளோடு! அங்கே கொல்லன் பட்டறையில் தானே இரும்பைக் காய்ச்சி அடித்துப் பொருத்தினார். பக்கத்தில் நின்று அதிகாரிகள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். துருத்தி ஊத ஒரு சிறுவனை விட்டதற்காக அவருக்குப் பத்து நிமிடத் தண்டனை விதித்து, பிறகு மூன்றாகக் குறைத்தார்கள். இந்தக் கதையை அந்தக் கடைக்காரர் பிள்ளைக்குச் சொன்னபோது, "அதனாலதான் பெரியப்பா நாங்க எல்லா ஸ்பேரும் கையோட கொண்டுபோறோம்" என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை கேட்டுக் கண் கலங்குவதெல்லாம் கிடையாது.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் தொழில்முறைப் பந்தயமாக 1951-ல் கடைசியாக நடந்தது. இப்போது நான்காண்டுக்கு ஒருமுறை, நம்மைப் போன்ற சாதாரணமானவர்களுக்கான பயணமாக நடக்கிறது. 90 மணி நேரம் வரை கெடு உண்டு. 2019-லும் 2023-லும் இந்தியாவிலிருந்து பலர் போய்க் கலந்துகொண்டார்கள். அந்தப் பந்தயத்தின் பெயரில் சக்கர வடிவத்தில் ஒரு பலகாரமே இருக்கிறது. 1910-ல் லூயி துரான் என்ற மிட்டாய்க் கடைக்காரர் செய்தது, இன்றும் விற்கிறது. பாருங்கள், எல்லாம் முடிந்து கடைசியில் நின்றது நம் வர்க்கத்தின் சரக்குதான்.

இது வெள்ளைக்காரர்களுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். 1923 அக்டோபர் 15 அன்று பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றப் புறப்பட்டார்கள். உடற்பயிற்சிக் கழகத்தில் பளு தூக்கிக்கொண்டிருந்தவர்கள். சைக்கிள் வீரர்கள் அல்ல. பாரசீகம், பாக்தாத் கடந்து பாலைவனத்தில் அலெப்போ வரை 956 கிலோமீட்டரை 23 நாளில் முடித்தார்கள். பிறகு ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், சீனா, பர்மா. வழியில் மூவர் கழன்றுகொண்டார்கள். ஆதி ஹக்கீம், ஜால் பாபாசோலா, ருஸ்தம் பூம்காரா ஆகிய மூவர் மட்டும் 71,000 கிலோமீட்டர் முடித்து 1928 மார்ச் 18 அன்று பம்பாய் திரும்பினார்கள். வகுத்துப் பார்த்தேன்: நாளைக்குச் சராசரி 44 கிலோமீட்டர். இங்கிருந்து செஞ்சிக்குப் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. அவ்வளவுதான் என்றாலும் நான்கு வருஷம் ஐந்து மாதம் தினசரி கட்ட வேண்டிய தவணை அது. அவர்களுடைய புத்தகத்துக்கு முன்னுரை எழுதியவர் ஜவஹர்லால் நேரு.

இனிச் செலவுக் கணக்கு. தகப்பன்மார்களுக்கு இதுதான் முக்கியம்.

நம் பழைய கறுப்புச் சைக்கிள் இருபது கிலோ எடை. தூர ஓட்டத்துக்கான சைக்கிள் அதில் ஏறக்குறையப் பாதி. எடை குறையக் குறைய விலை ஏறும். இந்தச் சந்தையில் ஒரு கட்டத்துக்கு மேல் கொடுப்பதெல்லாம் பெருமைக்காகக் கொடுப்பது என்பது என் அபிப்பிராயம். முதல் 200-க்கு அதெல்லாம் தேவையே இல்லை. வண்டி இன்னது என்று விதி கட்டாயப்படுத்துவதில்லை. நல்ல நிலையில் உள்ள சாதாரண கியர் சைக்கிள் போதும். கியர் என்பது மந்திரமல்ல. முன்னே 44 பல், பின்னே 22 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் இரண்டு சுற்று. பின்னே 11 பல்லுக்குச் செயின் மாறினால் நான்கு சுற்று. மேட்டுக்கு முன்னது, இறக்கத்துக்குப் பின்னது. சம்பளம் ஒன்றே, வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. இந்தக் கியர் சாதனத்தை டூர் டி பிரான்ஸில் 1937 வரை அனுமதிக்கவில்லை. பந்தயத்தை நடத்திய ஆன்ரி டெக்ரான்ஜ், இதெல்லாம் நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் எனக்கு இரண்டு செட் கியர் கொடுக்கலாம்.

சீட்டு உயரம் மிக முக்கியம், அதற்குக் காசும் கிடையாது. நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்து முழங்காலை மடக்கியே ஓட்டுகிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீள வேண்டும், லேசான மடிப்பு மட்டும் இருக்கலாம். இதைச் சரிசெய்யாமல் ஐம்பது கிலோமீட்டர் போனால் முட்டி வலிக்கும். வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு ஸ்பேர் டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், ஒட்டுப்போடும் சாமான், கைப்பம்பு ஆகியவை கட்டாயம் கையில் இருக்க வேண்டும். மெல்லிய டயரில் காற்று நம் சாதாரண டயரைப்போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் இருக்கும். சீமைக்கருவேல முள் ஒன்று போதும். தலைக்கவசம், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு, ஒளி வீசும் மேலங்கி இல்லாமல் இரவில் ஓட்ட அமைப்பாளர்களே விடுவதில்லை.

சாப்பாடு நம் கடையிலேயே இருக்கிறது. கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வாழைப்பழம், தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் எலுமிச்சையும். விலை உயர்ந்த வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளைப் பற்றிப் பிள்ளைகள் பேசுகிறார்கள். வாங்குகிறவர்கள் வாங்கட்டும். பசி எடுப்பதற்கு முன் சாப்பிடு, தாகம் எடுப்பதற்கு முன் குடி என்பதுதான் அனுபவஸ்தர்கள் சொல்லும் விதி. வெறும் தண்ணீரையே குடித்து உப்பை விட்டுவிட்டால் மதியத்துக்கு மேல் தொடையில் குறக்களி பிடிக்கும்.

மேலே சொன்ன பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன். நான் மூன்று நிபந்தனை போட்டேன். முதல் வருஷம் இரவு ஓட்டம் கிடையாது. சைக்கிள் அவர் சம்பளத்தில்தான். ஞாயிறு போனால் திங்கள் காலை ஐந்தரைக்குக் கடையில் இருக்க வேண்டும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டார்கள். பௌர்ணமி இல்லாத நாட்களில் விடியலில் கிரிவலப் பாதை, பிறகு செஞ்சி போய்த் திரும்புதல், சாத்தனூர் அணை, கடைசியாக ஜவ்வாது மலை ஏற்றம் என்று நான்கு மாதம் தயாரானார். ஏற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதாக அவரே சொன்னார். முதல் 200-ல் கடற்கரைச் சாலையில் மதியத்துக்கு மேல் எதிர்காற்று, இரண்டு பஞ்சர். முப்பத்தைந்து நிமிடம் தாமதம். சான்றிதழ் இல்லை.

"பணமும் போச்சு, ஒரு நாள் வியாபாரமும் போச்சு, கையில காகிதமும் இல்லையேண்ணே" என்றார் தகப்பனார். போனது நுழைவுக் கட்டணம் மட்டும்தான் என்று நான் சொன்னேன். அந்த நான்கு மாதத்தில் பையன் ஒரு நாள்கூடக் கடைக்குத் தாமதமாக வரவில்லை என்பதையும் அவரையே சொல்ல வைத்தேன். இரண்டாவது முறை பன்னிரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார். சான்றிதழ் இப்போது கல்லாவுக்கு மேல், லைசென்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. மாட்டியது தகப்பனார். சர்க்கரை வியாதிக்காரரான அவர், "நான் வேணா கிரிவலப் பாதையில ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா" என்று கேட்டிருக்கிறார். வைத்தியரைக் கேட்டுவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அந்தத் தகப்பனாரின் பயம் வீண் பயம் அல்ல. அதில் நமக்கும் பங்கு இருக்கிறது. சரக்கு இறக்கிய மினி லாரியைப் பின் விளக்கில்லாமல் ரோட்டோரம் நிறுத்துவது யார்? நம் டிரைவர்கள்தான். நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் இரண்டு முழ அகலம்தான் சைக்கிள்காரனுக்கு உள்ள இடம். அதில் வண்டி நின்றால் அவன் வேகமாகப் போகும் பஸ்ஸுக்கு முன்னால் விலகியாக வேண்டும். அறுவடைக் காலத்தில் நெல்லும் மல்லாட்டையும் தார் ரோட்டில் காய்கிறது. இரவில் குவித்துத் தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கருங்கல் வைக்கிறார்கள். காலையில் சரக்கை அள்ளிக்கொண்டு கல்லை அப்படியே விட்டுப் போகிறார்கள். விவசாயிக்குக் களம் இல்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சரக்கைக் கொள்முதல் செய்பவர்கள் நாம். கல்லை ஓரம் போடச் சொல்ல நமக்கு வாயிருக்கிறது. வண்டிக்குப் பின்னால் சிவப்பு ஒளிப்பட்டை ஒட்ட ஆகும் செலவு ஒரு டீச் செலவுக்குக் கொஞ்சம் மேல். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கும்படி தலைவருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

சிறு பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். அறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டித் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் சைக்கிள் போட்டி நடத்துகிறது. இதுதான் நிஜமான பந்தயம். பதிமூன்று வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 15 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 10. பதினைந்து, பதினேழு வயதுப் பிரிவுகளில் மாணவர்களுக்கு 20, மாணவிகளுக்கு 15. முதல் மூன்று பரிசு 5,000, 3,000, 2,000 ரூபாய் என்றும், நான்கு முதல் பத்து வரை தலா 250 என்றும் கொடுத்து வருகிறார்கள். எனக்குப் பிடித்தது, இந்தியாவில் தயாரான சாதாரண கைப்பிடி சைக்கிள் மட்டுமே அனுமதி என்ற விதி. கியர் வண்டி வாங்க வசதியுள்ளவன் பிள்ளையும் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்பார்கள். தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். சைக்கிளை அவரவரே கொண்டுவர வேண்டும். முதல் நாளே பிரேக் கட்டை, செயின், காற்று மூன்றையும் சைக்கிள் கடையில் காட்டிவிடுங்கள். சீட்டு உயரத்தையும்.